மதகடியம்மனுக்கு ஒரு பிராது

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒரு நரியைப் பார்த்து வயிறெரிந்த மனுஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் உயிருள்ள நரி இல்லை, கல் நரி. பக்கத்து ஊரில் இருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். ஜப்பானில் இருக்கிறது.

பங்குனியில் ஒரு நாள் உளுந்தைக் காயப்போட்டுவிட்டுக் களத்தோரம் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஞானாம்பாள் வந்து, "உரம் எப்ப வருதுன்னு சொசைட்டியில மெசேஜ் போட்டிருக்காங்களாம், பாருங்க" என்று தன் போனை நீட்டிவிட்டு உள்ளே போனாள். மெசேஜைத் தேடினேன். விரல் எங்கேயோ பட்டு ஒரு வீடியோ ஓடத் தொடங்கியது.

நீலச் சட்டையும் தலைக்கட்டுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் என்னைவிட மூத்த கிழவர்கள். ஒரு சின்னப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் கட்டிய வயல்களுக்கு நடுவே "வஷ்ஷோய், வஷ்ஷோய்" என்று கத்திக்கொண்டு வருகிறார்கள். முன்தண்டில் வலது தோள் கொடுத்து நின்றவன் என் மகன் பரணிதரன். தண்டு உறுத்தாமல் இருக்கத் தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தான். பச்சைக்கரைத் துண்டு. என் துண்டு. காணோம் என்று ஒரு மாதம் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினேனே, அதே துண்டு.

"ஞானாம்பா!"

நான் கத்தின கத்தலில் களத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. அவள் நிதானமாக வந்தாள்.

"அது போன வருஷத்து வீடியோங்க. உங்ககிட்ட காட்டினா இப்படித்தான் குதிப்பீங்கன்னு காட்டல."

"என் துண்டு எப்படி அங்க போச்சு?"

"உங்க மவன்தான் கேட்டான். பார்சல்ல வச்சு அனுப்பினேன்."

மகன் என் துண்டைக் கேட்டிருக்கிறான் என்றால் எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. ஊரான் சாமியைத் தூக்குவதற்கு என் துண்டு கேட்கிறதா என்றுதான் தோன்றியது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால் எங்கள் மதகடியம்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலின் மதகை ஒட்டி, மேற்குப் பார்த்து உட்கார்ந்திருப்பவள். ஒரு பஞ்ச வருஷத்தில் மேலூர்க்காரர்கள் மதகில் பலகையை இறக்கி எங்கள் முறைத் தண்ணீரை அடைத்துவிட்டார்களாம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மதகடியில் போய் உட்கார்ந்து மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சோறு தண்ணி இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வந்தபோது உட்கார்ந்த வாக்கிலேயே, திறந்த கண் மூடாமல் செத்திருந்தாள். அந்த இடத்தில் கல் நட்டுக் கும்பிட்டார்கள். இன்றைக்கும் அவளுக்கு மேலூர்க்காரன் மேல் ஒரு கண்தான். தனக்கு உரியதை அடுத்தவன் தொட்டால் பொறுக்கமாட்டாள். சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு நாங்கள் வேறு கோயில் திருநீறு கூடப் பூசமாட்டோம். எனக்கும் அவளுக்கும் அந்த விஷயத்தில் ஒரே குணம்.

சித்திரைக் கடைசி ஞாயிறு அவள் பல்லக்கில் ஊரைச் சுற்றுவாள். பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு இடம். முன்தண்டு, வலது தோள் எங்கள் வீடு. என் அப்பாவுக்குப் பிறகு நான் இருபத்தாறு வருஷம் தூக்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்றுக்கட்டைச் சுமந்துகொண்டு வரப்பில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். தூக்கக் கூடாது. ஒரே மகன் ஜப்பானில், நிகாட்டா என்ற பக்கத்தில் நடவு எந்திரம் பழுது பார்க்கிற கம்பெனியில் இருக்கிறான்.

தூக்க ஆள் வராத வீட்டின் இடத்தில், வரவேண்டியவனின் துண்டை மட்டும் தண்டில் கட்டிவிடுவது வழக்கம். மற்ற பதினொரு பேரும் அந்தப் பளுவையும் சேர்த்துச் சுமப்பார்கள். இரண்டு வருஷம் அப்படிப் பொறுப்பார்கள். மூன்றாவது வருஷமும் துண்டுதான் என்றால் இடம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். இந்த வருஷம் மூன்றாவது. அடுத்த பங்காளி என் சித்தப்பா மகன் மருதையன். அவனுக்கு இரண்டு பையன்கள். ஒருவன் தஞ்சாவூரில், ஒருவன் பட்டுக்கோட்டையில். இரண்டு பேருக்கும் தோள் கதவு மாதிரி இருக்கும். திருவிழாவுக்கு நாலு நாள் முன்னாலேயே வந்து சட்டையைக் கழற்றிவிட்டு ஊரைச் சுற்றுவார்கள்.

பரணி தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேசுவான். அங்கே அப்போது எட்டரை. மறுநாள் அவன் கூப்பிட்டதும் போனை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"இந்தச் சித்திரைக்கு வந்துருடா. மூணாவது வருஷம். உனக்குத் தெரியாதது இல்ல."

"அன்னிக்கேதான்பா இங்கயும் திருவிழா. நடவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

"அதனால?"

"ஊர்ல இருக்கிறதே கிழவங்கதான்பா. புள்ளைங்க எல்லாம் டோக்கியோ போயிட்டாங்க. நான் ஒருத்தன் விலகினா பல்லக்கு எழும்பாது. கோயில் பெரியவரு ஹிரானோ ஐயாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"இங்க மட்டும் எழும்புமா?"

"அங்கதான் மருதையன் சித்தப்பா வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்களேப்பா."

பெற்ற மகன் வாயால் இந்தப் பேச்சைக் கேட்டேன். பிறகு அந்தச் சாமியின் கதையை வேறு சொன்னான், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. இனாரி என்று பெயராம். நெல்லுக்குச் சாமியாம். விதைநெல்லைக் கூடத் தின்று தீர்த்த ஒரு பஞ்சத்தில், வெள்ளை நரி ஒன்று வாயில் நெற்கதிரைக் கவ்விக்கொண்டு அந்த ஊர் எல்லையில் வந்து நின்றதாம். அது நின்ற இடத்தில்தான் கோயில். சிவப்பு மரத்தில் வாசல், இரண்டு பக்கமும் கல் நரி, நரி வாயில் கதிர்.

"நம்ம அம்மன் மாதிரிதாம்பா. அவளுக்குத் தண்ணி, இதுக்கு விதை."

"நம்ம அம்மாவ நரியோட சேக்காதடா" என்று சொல்லிப் போனை ஞானாம்பாளிடம் கொடுத்துவிட்டேன். அவள் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஹிரானோ ஐயா மீன் கொண்டு வந்து கொடுத்தார், ஹிரானோ ஐயா காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தார். பேச்சுக்குப் பேச்சு அந்தக் கிழவன்தான். கோயில் தர்மகர்த்தா மாதிரியாம். எனக்கு நரி கூட அப்புறம்தான். அந்தக் கிழவனை நினைத்தால்தான் அடிவயிற்றில் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கோயிலில் பிராது கட்டுகிற பழக்கம் உண்டு. ஒருவன் நமக்கு அநியாயம் செய்தால் மனு எழுதி அம்மன் முன்னால் இருக்கிற சூலத்தில் கட்டிவிட வேண்டும். மனு முறையாக இருக்க வேண்டும். வாதி பெயர், பிரதிவாதி பெயர், ஊர், தெரு, கதவு எண் எல்லாம் வேண்டும். விலாசம் சரியாக இல்லாவிட்டால் பூசாரி நல்லக்கண்ணு வாங்கமாட்டார். "அம்மா எங்கன்னுங்க தேடிப் போவா?" என்பார். இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. பிராது நிலுவையில் இருக்கும்வரை, கட்டினவனுடைய கோயில் உரிமையில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. கோர்ட்டில் ஸ்டே வாங்கின மாதிரி.

எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. மருதையன் மகன் என் இடத்தில் தோள் வைக்கக் கூடாது. அந்தக் கிழவன் என் மகனை விட வேண்டும்.

விலாசத்துக்கு அதிகம் அலையவில்லை. அலமாரியில் கூரியர் ரசீது ஒன்று கிடந்தது. மாசி மாதம் போட்டது. ஹிரானோ என்று இங்கிலீஷில் பெயர், கீழே வீட்டு எண், ஊர் எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டு வடகமும் மாங்காய் வற்றலும் அந்தக் கிழவன் வீட்டுக்கே போயிருக்கிறதா! அந்த ஆத்திரத்தில் கையெழுத்துக் கூட அழகாக வந்தது. எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதினேன். பிரதிவாதி ஒன்று: இனாரி சாமி, நரி வாகனம். பிரதிவாதி இரண்டு: ஹிரானோ, மேற்படி கோயில் தர்மகர்த்தா. மேற்படி வீட்டில் அமைதி தங்கக் கூடாது, என் மகனின் தோளை மேற்படியார்கள் திருப்பித் தர வேண்டும் என்று முடித்தேன்.

நல்லக்கண்ணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"கடல் தாண்டிப் பிராது வந்ததில்லீங்களே."

"விலாசம் சரியா இருக்கா இல்லியா?"

"இருக்குங்க."

"அப்பக் கட்டுங்க."

கட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். வருகிற வழியில் மருதையனைப் பார்த்து நானாகவே, "என்ன தம்பி, உளுந்து எப்படி?" என்று குசலம் விசாரித்தேன்.

பத்து நாள் ஆயிற்று. ஒரு சாயங்காலம் ஞானாம்பாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அய்யோ சாமி, அய்யோ சாமி" என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடியக்காலம் அங்க நிலம் நடுங்கிச்சாங்க. ஹிரானோ ஐயா வீட்டு ஓடெல்லாம் சரிஞ்சு விழுந்துருச்சாம்."

அந்த நிமிஷத்தில் என் மனசில் வந்ததை மறைக்கமாட்டேன். அம்மன் கேட்டுவிட்டாள் என்று உள்ளுக்குள் துள்ளினேன். பத்தே நாளில், கடல் தாண்டிப் போய்! உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிழவனுக்கு அடி கிடி உண்டா?" என்று கேட்டேன்.

"அவரு கீழ இருந்திருக்காரு, ஒண்ணும் இல்ல. நம்ம பரணிதாங்க மாடியில தூங்கிட்டிருந்திருக்கான். தலைமாட்டுல ஒரு ஓடு விழுந்து, தலகாணி கிழிஞ்சு..."

"பரணி ஏன் அந்த வீட்டு மாடியில தூங்குறான்?"

"தையிலேருந்து அங்கதானே இருக்கான். கம்பெனி ரூமை எடுத்துட்டாங்க. அந்த ஐயா வாடகை வேணாம், மாடியில இருந்துக்கன்னுட்டாரு. உங்ககிட்ட சொன்னா அதுக்கும் பொருமுவீங்கன்னு சொல்லல. அந்த விலாசத்துக்குத்தானே மாசியில பார்சல் போட்டேன்."

என் மகன் தலை வைத்துப் படுக்கிற வீட்டின் கதவு எண்ணை என் கையாலேயே முத்து முத்தாக எழுதி அம்மனிடம் கொடுத்திருக்கிறேன். ஓடு விழுந்ததற்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் பிராது கட்டவில்லை, கேட்பீர்கள்.

செருப்பைக் கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். நல்லக்கண்ணு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அவுத்துருங்க, பூசாரி."

"நான் அவுக்க முடியாதுங்க. ராஜி பண்ணணும்னா திருவிழா அன்னிக்குப் பல்லக்கு எழும்புறதுக்கு முன்னாடி. பன்னெண்டு வீடும் நிக்கணும். பிராதை நீங்களே வாய்விட்டுப் படிச்சு, வேணாம்னு சொல்லித் தண்ணியில விடணும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தாங்க." அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ராஜி ஆயிட்டா அப்பறம் இடத்தைப் பத்தி யாரும் பேச முடியாதுங்க. மருதையன் வீட்டுக்குத்தான்."

மறுநாள் மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போய், நானே அவிழ்த்துவிடலாம் என்று சூலத்தில் கை வைத்தேன். அம்மன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பிராது கட்டியதை ஞானாம்பாளிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். தினம் ஐந்து மணிக்கு முன்னாலேயே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாடியில் படுக்காதே, கீழே படு என்றேன். ஓடெல்லாம் மாற்றியாகிவிட்டது, ஹிரானோ ஐயாவே ஏறி மாற்றினார், எழுபத்தெட்டு வயசில் என்றான். ஓடு மாற்றுவதற்கு அவன் பக்கத்தில் நான் இல்லை. அதற்கும் எனக்கு எரிந்தது. பயம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இடத்தை விடுவதா, மகனை அந்தக் காகிதத்தின் கீழ் படுக்க வைப்பதா என்று யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. ஆனாலும் யோசித்தேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கடைசி ஞாயிறு காலை எட்டரைக்கு அம்மனைப் பல்லக்கில் ஏற்றினார்கள். முன்தண்டு வலது பக்கத்தில் பரணியின் பழைய துண்டைக் கட்டியிருந்தேன். பன்னிரண்டு வீட்டு ஆம்பிளைகளும் மதகடியில் நின்றார்கள். நல்லக்கண்ணு சூலத்திலிருந்து காகிதத்தை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

படித்தேன். 'நரி வாகனம்' வந்ததும் பின்னால் யாரோ சிரித்தார்கள். 'மேற்படி வீட்டில் அமைதி தங்கக் கூடாது' என்ற வரியை வேகமாகப் படித்துத் தாண்டினேன். 'என் மகனின் தோளை' என்று படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. படித்து முடித்து, "இதெல்லாம் வேணாந் தாயே. பொறாமையில எழுதிட்டேன். அந்த வீட்டுல என் புள்ள இருக்கான்" என்றேன். காகிதத்தை வாய்க்காலில் விட்டேன். கணுக்கால் அளவு கூடத் தண்ணீர் இல்லாத வாய்க்கால். காகிதம் போகாமல் கோரையில் சிக்கிக்கொண்டு நின்றது. நல்லக்கண்ணு குச்சியால் தள்ளிவிட்டார்.

மருதையன் சிரிக்கவில்லை. அவனே வந்து தண்டில் இருந்த துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான்.

"பரணி எப்ப வந்தாலும் சொல்லுங்கண்ணே. எங்க பசங்க வெலகிக்குவாங்க."

மரியாதையாக நடந்துகொள்கிறவன் மேல் பொறாமைப்படுவதுதான் ரொம்பக் கஷ்டம். தலையை மட்டும் ஆட்டினேன். அவன் சின்னப் பையன் வந்து முன்தண்டில் வலது தோளைக் கொடுத்து நின்றான்.

அப்போது ஞானாம்பாள் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வீடியோவில் பரணி. நீலச் சட்டை, தலைக்கட்டு, தோளில் என் பச்சைக்கரைத் துண்டு. அவன் பின்னால் சிவப்பு வாசல். அதன் பக்கத்தில் கதிரைக் கவ்விக்கொண்டு அந்த நரி. கண்ணால் பார்க்கும்போது அவ்வளவு மோசமில்லை.

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்கப்பா. நான் ஹிரானோ ஐயாகிட்ட சொல்லிட்டேன்."

"அடப்பாவி, சொல்லிட்டியா!"

பக்கத்தில் ஒரு கிழவர் வந்து நின்றார். என்னை மாதிரியே வெயிலில் கறுத்த முகம், என்னை மாதிரியே ஒரு தோள் தாழ்ந்து இருந்தது. போனைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். நிமிர நேரமாயிற்று. பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார்.

"நான் நிக்கிற இடம் இவரு மவனோட இடமாம்பா. ஒம்பது வருஷமா அவரு வரல. டோக்கியோவுல இருக்காரு, போனும் பண்றதில்ல. தினம் எட்டரைக்கு நான் மாடியில உங்களோட பேசுறது கீழ கேக்குமாம். அப்பல்லாம் உங்க மேல இவருக்கு ரொம்பப் பொறாமையா இருக்குமாம்."

கிழவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். இத்தனை நாளும் நான் யாரைப் பார்த்து எரிந்தேனோ அவர் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறார்.

"அவரும் ஒரு பிராது எழுதியிருக்காருப்பா" என்று பரணி சொன்னான். "இங்க மரப்பலகையில வேண்டுதல் எழுதிக் கோயில்ல தொங்கவிடுவாங்க. பரணி இந்த ஊர விட்டுப் போகக் கூடாதுன்னு எழுதித் தொங்கவிட்டிருக்காரு. தையிலேயே."

இப்போது நான் சிரித்துவிட்டேன். ஞானாம்பாளும் சிரித்தாள். அங்கே கிழவரும் சிரித்தார். மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. பல்லக்குக்காரர்கள் குனிந்து தோள் வைத்தார்கள். நான் சத்தமாகக் கத்தினேன்:

"நான் ராஜி பண்ணிட்டேன்னு சொல்லு அவருகிட்ட! அவரையும் அந்தப் பலகைய எடுக்கச் சொல்லு. கணக்குத் தீந்துரும்!"

பரணி அதை ஜப்பான் பாஷையில் சொல்லவில்லை. கிழவர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டான்.

"நேத்தே எடுத்துடுறேன்னாருப்பா. நான்தான், இருக்கட்டும்னு சொன்னேன்."

அதற்குள் அவர்கள் பல்லக்குக்கு யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வச்சிடறேன்பா" என்றான். திரை இருண்டுவிட்டது. ஞானாம்பாள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இங்கே பல்லக்கு எழும்பியது. மருதையன் மகன் தோள் அசையாமல் நின்றது, நன்றாகவே தூக்கினான். அம்மன் எப்போதும் போல மேற்கே பார்த்தபடி புறப்பட்டாள். மேலூர்க்காரன் தண்ணீரைக் கொண்டு போய்விடுவானோ என்று எத்தனையோ காலமாக அவளும் அந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜப்பான் கிழக்கே, அவள் முதுகுப் பக்கம் இருக்கிறது. மடித்த துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் பல்லக்குக்குப் பின்னால் நடந்தேன்.